பிக்கட்டி: ஒரு மலைச் சிற்றூரின் நிலமும் தொழிலும் சரித்திரமும்

(ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



பூகோள பாடத்தில் சுவிட்சர்லாந்து நாட்டைப் பற்றி நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் ஒரு சிற்றூர். மேலே பனி, நடுவே மேய்ச்சல் புல், கீழே வீடுகள். பசுக்கள், பாலாடைக் கட்டி என்று அந்தப் பாடம் செல்லும். அவ்வூர் எங்கே இருக்கிறது, எதனால் பிழைக்கிறது, எவ்வாறு இந்நிலையை அடைந்தது என்ற மூன்று கேள்விகளுக்கும் அங்குள்ள பள்ளிப் பிள்ளைகூட விடை சொல்லும். நம்முடைய மலையூர்களைப் பற்றி அதே மூன்று கேள்விகளைக் கேட்டால் நம்மில் எத்தனை பேர் தயங்காமல் விடை சொல்வோம்?

இன்று அத்தகைய ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம். குந்தா வட்டத்திலுள்ள பிக்கட்டியைப் பற்றிப் பேச விரும்புகிறோம். நிர்வாக முறையில் பிக்கட்டி ஒரு பேரூராட்சி. ஆகவே நமது ஊராட்சி ஒன்றியத்தின் கணக்கில் அது சேராது. ஆயினும் அதன் நிலமும் மழையும் பயிரும், அருகிலுள்ள பாலகொலா, இத்தலார், முள்ளிகூர், மேல்குந்தா ஊராட்சிகளின் நிலத்திற்கும் மழைக்கும் பயிருக்கும் வேறானவை அல்ல. அவ்வூரின் கணக்கைப் பார்த்தால் நம் கணக்கும் விளங்கும்.

நிலமும் நீரும்

நீலகிரி மாவட்டத்தின் ஆறு வட்டங்களில் குந்தா ஒன்று. மஞ்சூர் அதன் தலைமையிடம். மஞ்சூரை அடுத்த மலைச்சரிவுகளில் பிக்கட்டி அமைந்திருக்கிறது. இவ்வட்டாரத்து ஊர்கள் பல கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தை ஒட்டியவை. ஊருக்கு மேற்கே குந்தா மலைத்தொடர் உயர்ந்து நிற்கிறது. அத்தொடரைத் தாண்டினால் மலை செங்குத்தாகக் கேரளத்தை நோக்கி இறங்குகிறது. தெற்கே கெத்தை வழியாக 43 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட சாலை, கோவைச் சமவெளியை நோக்கிச் செல்கிறது. எனவே, உதகையிலிருந்து பார்ப்போருக்கு இது மலையின் கடைக்கோடி. கீழிருந்து வருவோருக்கோ மலையின் வாசற்படி.

நம் மலைக்கு மழை இரண்டு வாசல்களால் வருகிறது. குன்னூர், கோத்தகிரிப் பகுதிகளுக்கு ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் வடகிழக்குப் பருவமழை பெரிது. குந்தாவின் மேற்குப் பகுதிக்கு ஆனி, ஆடி மாதங்களின் தென்மேற்குப் பருவமழை பெரிது. மேல்பவானியிலும் அவலாஞ்சியிலும் கொட்டும் மழை, கிழக்கே சில மைல்கள் வருவதற்குள் பெரிதும் குறைந்துவிடுகிறது. இவ்விரண்டு நிலைக்கும் நடுவே உள்ள ஊர்களுக்கு இரு மழையிலும் பங்கு கிடைக்கிறது. இரு மழையின் தீங்கிலும் பங்கு உண்டு.

மழை மட்டும் மலையில் நீரைத் தங்கவைக்காது. உச்சிகளில் புல்வெளியும், அவற்றின் இடுக்குகளில் சோலைக் காடும், அடியில் சதுப்பு நிலமும் அமைந்தது நீலகிரியின் இயற்கை அமைப்பு. புல்லும் சோலையும் மழையை வாங்கி மண்ணுக்குள் இறக்கும். சதுப்பு அதனைப் பிடித்துவைத்துக் கோடை முழுவதும் சிறுகச் சிறுக ஓடையில் விடும். சோலை, சதுப்பு, ஓடை என்ற இந்த மூன்றும் சேர்ந்ததே மலையூரின் ஏரி. சமவெளி ஊருக்கு ஏரிக்கரை எத்தனை முக்கியமோ, மலையூருக்குச் சோலையின் ஓரமும் சதுப்பின் விளிம்பும் அத்தனை முக்கியம்.

குந்தா வட்டாரத்துச் சரிவுகளில் விழும் துளி குந்தா ஆற்றில் சேருகிறது; அவ்வாறு பவானியில் கலக்கிறது; பவானி காவிரியில் கலக்கிறது. கனடா நாட்டின் உதவியுடன், கொழும்புத் திட்டத்தின் கீழ், குந்தா நீர்மின் திட்டம் எழுந்தது. 1960 முதல் அதன் மின்நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக இயங்கத் தொடங்கின. அவலாஞ்சி, எமரால்டு, மேல்பவானி ஆகிய அணைகளின் நீர் குகைவழியாகவும் குழாய்வழியாகவும் படிப்படியாக இறங்கி மின்சாரம் தருகிறது. அந்நீரே கீழே பில்லூர் அணையை அடைந்து கோவை நகரத்தின் குடிநீராகிறது. ஆகவே இம்மலைச் சரிவில் ஒரு சதுப்பு தூர்ந்தால் அதன் குறை மலையோடு நிற்பதில்லை.

மக்களும் பழைய வாழ்வும்

குந்தாப் பகுதியின் பழைய குடிகளில் பெரும்பாலோர் படுகர் மக்கள். படுகு மொழியில் ஊருக்கு 'ஹட்டி' என்று பெயர். வீடுகள் சரிவில் ஒரே வரிசையாக, ஒன்றோடொன்று சுவர் ஒட்டி நிற்கும். எதிரே பொதுவான திடல் இருக்கும். அதற்குக் கீழே விளைநிலம், அதற்கும் கீழே ஓடை. வீடுகளை வரிசையாகக் கட்டியதற்குக் காரணம் உண்டு. மலையில் சமமான நிலம் அரிது. அதனைச் சிக்கனமாகப் பயன்படுத்தி, மீதி நிலத்தைப் பயிருக்கும் மாட்டுக்கும் விட்ட முன்னோரின் கணக்கை அவ்வரிசையில் காணலாம்.

படுகர் தம் நாட்டை 'நாக்குபெட்டா', அதாவது நான்கு மலை என்பர். தொதநாடு, மேற்குநாடு, பொறங்காடு, குந்தை என நான்கு சீமைகளாக அது பிரிந்திருந்தது. ஊருக்கு ஒரு கவுடர், பல ஊர்களுக்கு ஒரு தலைவர், சீமைக்கு ஒரு தலைவர், எல்லாவற்றிற்கும் மேலாகத் தூனேரியில் ஒரு தலைவர் என்று அடுக்கடுக்காக ஊர்ச்சபை முறை நடந்து வந்தது. பஞ்சாயத்துச் சட்டங்கள் வருவதற்குப் பல தலைமுறைகளுக்கு முன்பே வழக்கைத் தீர்க்கவும் திருவிழாவை நடத்தவும் மேய்ச்சலை ஒழுங்குபடுத்தவும் இவ்வூர்களுக்குச் சொந்த ஏற்பாடு இருந்தது என்பது இதனால் புலனாகும்.

மைசூர்ச் சீமையிலிருந்து படுகரின் முன்னோர் மலையேறி வந்தனர் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. எழுத்தில் கிடைக்கும் மிகப் பழைய குறிப்புகளுள் ஒன்று 1603-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அவ்வாண்டு மலையாளக் கரையிலிருந்து ஏறிவந்த பெனீசியோ என்ற ஏசு சபைப் பாதிரியார், தோடரையும் படுகரையும் இம்மலையில் கண்டு எழுதிவைத்தார். ஆகவே நானூறு ஆண்டுகளுக்கு முன்பே இங்கே உழவும் மேய்ச்சலும் நிலைபெற்றிருந்தன.

அக்காலத்தில் மலையின் பொருளாதாரம் பணத்தால் நடக்கவில்லை. படுகர் சாமையும் ராகியும் கோதுமையும் பார்லியும் விளைத்தனர். தோடர் எருமை வளர்த்துப் பாலும் நெய்யும் தந்தனர். கோத்தர் இரும்புக் கருவியும் மண்பாண்டமும் செய்தனர். இசைக் கருவிகளை வாசித்தனர். குந்தாப் பகுதியிலும் கோத்தர் குடியிருப்பு ஒன்று உண்டு. குறும்பர் தேனும் காட்டுப் பொருள்களும் கொண்டுவந்தனர். ஒருவர் பொருளை மற்றவர் பெற்று, ஒருவர் சடங்கில் மற்றவர் பங்குகொண்டு வாழ்ந்தனர். எந்த ஒரு குடியும் தனக்கு வேண்டியவை அனைத்தையும் தானே செய்துகொள்ளவில்லை. எந்த ஒரு குடியும் ஒரே பயிரை நம்பி நிற்கவுமில்லை. சாமை பொய்த்தால் ராகி இருந்தது. தானியம் குறைந்தால் மாடு இருந்தது.

சர்க்கார் ஏட்டில் குந்தா

1799-இல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின் நீலகிரி கும்பினியார் வசமாயிற்று. 1819-இல் கோயம்புத்தூர்க் கலெக்டர் ஜான் சல்லிவன் மலையேறி வந்தார். அதன்பின் உதகை நகரம் எழுந்தது. குந்தா மலைப்பகுதி மட்டும் நெடுநாள் மலபார் மாவட்டத்தோடு இருந்து, 1860-இல் கோயம்புத்தூரோடு சேர்க்கப்பட்டது. 1868-இல் நீலகிரி தனி நிர்வாகம் பெற்றது. 1882-இல் கலெக்டரின் கீழ் முழு மாவட்டமாயிற்று.

இந்த ஆண்டுகளைச் சொல்வதற்குக் காரணம் நிலவரி. பழைய முறையில் ஒரு குடியானவன் தன் பெயரில் பரந்த நிலத்தை வைத்துக்கொண்டு, ஒவ்வோராண்டும் ஒரு பகுதியை மட்டும் உழுது, உழுத பகுதிக்கு மட்டும் வரி கட்டினான். மீதி நிலம் புல்லாகக் கிடந்து வளம் பெற்றது. இதனைப் 'பர்த்தி' முறை என்பர். 1860-களில் அம்முறை நீக்கப்பட்டது. அளந்து எல்லை கட்டிய நிலத்திற்கு, உழுதாலும் உழாவிட்டாலும் தீர்வை என்றாயிற்று. நிலம் ஓய்வெடுக்கும் வழக்கம் குறைந்தது. விளைபொருளை விற்றுப் பணம் பெறவேண்டிய கட்டாயம் கூடியது. மலையில் பணப்பயிர் வேரூன்றியதற்கு இதுவும் ஒரு காரணம்.

கல்வியும் இதே காலத்தில் வந்தது. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட பாசல் மிஷன், 1840-களில் கேத்தியில் நிலைகொண்டு பள்ளிகளைத் தொடங்கியது. ஆல்ப்ஸ் மலை நாட்டுக்கும் நம் மலைக்கும் அவ்வளவு பழைய தொடர்பு உண்டு.

மூன்று பயிர்கள்

பிக்கட்டி போன்ற ஊர்களின் பொருளாதாரச் சரித்திரத்தை மூன்று பயிர்களின் சரித்திரமாகச் சொல்லிவிடலாம். முதற்பயிர் சிறுதானியம், அதனைப் பார்த்தோம். இரண்டாவது உருளைக்கிழங்கு. ஐரோப்பியரால் 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மலைக்கு வந்த அது, நாளடைவில் விவசாயியின் முதற் பணப்பயிராயிற்று. மேட்டுப்பாளையத்து மண்டிகளில் விலை நிர்ணயம் வியாபாரியின் கையில் இருந்தது. விதைக்கும் உரத்திற்கும் முன்பணம் தந்தவரே விளைச்சலுக்கும் விலை சொன்னார். இந்நிலையை மாற்ற 1935-இல் நீலகிரி கூட்டுறவு விற்பனைச் சங்கம் தோன்றியது. அதனைத் தோற்றுவித்ததில் முன்நின்றவர் ராவ் பகதூர் ஆரி கவுடர். கடன், உரம், விற்பனை மூன்றையும் ஒரே சங்கத்தின் கீழ்க் கொண்டுவந்த அம்முயற்சி மலை விவசாயிக்குப் புதிய பலம் தந்தது.

ஆனால் ஒரே நிலத்தில் ஆண்டுக்கு ஆண்டு உருளைக்கிழங்கே நட்டதன் விளைவு 1961-இல் தெரிந்தது. அவ்வாண்டு கிழங்கு வேரைத் தாக்கும் பொன்னிற நூற்புழு நீலகிரியில் கண்டுபிடிக்கப்பட்டது. இந்தியாவில் அதனை முதன்முதலாகக் கண்டது இங்கேதான். புழு வெளியே பரவாதிருக்க, 1971-இல் நீலகிரி விதைக்கிழங்கு பிற மாநிலங்களுக்குச் செல்வது தடுக்கப்பட்டது. இலைக் கருகல் நோயும் மழைக்காலந்தோறும் வந்தது. விதை வியாபாரம் போயிற்று, மகசூல் குறைந்தது, மக்கள் வேறு பயிரைத் தேடினர்.

மூன்றாவது பயிர் தேயிலை. குந்தாவுக்கு அது புதியதன்று. இவ்வட்டாரத்துத் தயாசோலைத் தோட்டம் 1859-இல் தொடங்கியது. ஆனால் நூறு ஆண்டுக் காலம் தேயிலை துரைத்தனத் தோட்டங்களின் பயிராகவே இருந்தது. அதற்கு ஆலை வேண்டும், முதல் வேண்டும், மூன்று நான்கு ஆண்டு காத்திருக்கவும் வேண்டும். அரை ஏக்கர், ஓர் ஏக்கர் வைத்திருப்பவன் இவற்றிற்கு எங்கே போவான்? இலை பறித்த சில மணி நேரத்திற்குள் ஆலைக்குப் போய்ச் சேராவிட்டால் கெட்டுவிடும். ஆகவே ஆலை யார் கையிலோ, சிறு விவசாயியும் அவர் கையில்.

இந்தக் கட்டை அவிழ்த்தது கூட்டுறவு. 1962-இல் குந்தாவில் முதல் தொழிற்கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலை ஏற்பட்டது. 1965-இல் இத்தகைய ஆலைகளின் இணையமாக இன்ட்கோசர்வ் அமைந்தது. பின்னர் பிக்கட்டி, மஞ்சூர், கைகாட்டி, மகாலிங்கா, கிண்ணக்கொரை, இத்தலார், நஞ்சநாடு, எப்பநாடு முதலிய ஊர்களிலும் ஆலைகள் எழுந்தன. இன்று இந்த இணையத்தில் 16 ஆலைகள் உள்ளன. பதினாறில் பல குந்தாப் பகுதியில் இருப்பதைக் கவனியுங்கள். மலையின் கடைக்கோடியில், சாலை வசதி குறைந்த இடத்தில், தனியார் முதல் வரத் தயங்கிய இடத்தில், மக்களின் பங்குத் தொகையும் சர்க்கார் உதவியும் சேர்ந்து ஆலையை எழுப்பின. தன் இலைக்குத் தன் ஆலை என்ற நிலை வந்தபின்தான் சரிவுகள் பச்சையாயின.

1963-இல் குன்னூரில் தேயிலை ஏலம் தொடங்கியது. சோவியத் ரஷ்யா பெரும் வாடிக்கையாளராக இருந்தது. இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தோட்டத் தொழிலாளர் குடும்பங்களும் 1964-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்பின் நீலகிரிக்கு வந்து தேயிலைத் தொழிலில் பங்குகொண்டன. அடுத்த இருபது, முப்பது ஆண்டுகளில் தேயிலை வருவாயால் ஓட்டு வீடுகள் மாடி வீடுகளாயின; பிள்ளைகள் கல்லூரிக்குச் சென்றனர். இந்த முன்னேற்றம் உண்மையானது. அதனைக் குறைத்துச் சொல்வது நியாயமாகாது.

1991-இல் சோவியத் ஒன்றியம் கலைந்தது. பழைய வாடிக்கை தளர்ந்தது. 1990-களின் இறுதியில் பசுந்தேயிலை விலை சரிந்து, கிலோவிற்கு ஒற்றை இலக்க ரூபாய்க்கு வந்தது. அந்த வீழ்ச்சியின் வடு இன்னும் ஆறவில்லை. விலை ஏறுகிறது, மறுபடி இறங்குகிறது. பறிகூலியும் உரவிலையும் மட்டும் இறங்குவதில்லை. தோட்டத்தைக் கவனியாது விட்டு நகரத்துக்கு வேலை தேடிச் சென்றோர் பலர். நிலத்தை விற்றோரும் உண்டு.

ஆலையின் கணக்கு

இங்கே ஒரு சிறு கணக்கைச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு கிலோ தேயிலைத்தூள் செய்ய ஏறத்தாழ நாலரைக் கிலோ பசுந்தேயிலை வேண்டும். ஆகவே ஏலத்தில் தூளின் விலை கிலோவிற்கு 9 ரூபாய் ஏறினால், இலையின் விலை 2 ரூபாய்தான் ஏற முடியும். இது முதற்பாடம்.

அடுத்தது, ஆலையின் நிலையான செலவு. இலை குறைவாக வந்தாலும் நிறைய வந்தாலும் ஊழியர் சம்பளம், இயந்திரப் பராமரிப்பு, கடன் வட்டி ஆகியவை மாறுவதில்லை. ஓர் உதாரணத்திற்காக, அச்செலவு மாதம் 6 லட்ச ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 60,000 கிலோ தூள் உற்பத்தியானால் கிலோவிற்கு 10 ரூபாய் அச்செலவில் போகும். உறுப்பினர்களில் பாதிப் பேர் இலையை வெளியே விற்றால் 30,000 கிலோதான் உற்பத்தியாகும்; அப்போது கிலோவிற்கு 20 ரூபாய் போகும். அதிகமான அந்தப் 10 ரூபாயை இலையின் மீது பிரித்தால், கிலோ இலைக்கு 2 ரூபாய்க்கு மேல் குறைகிறது. வெளி ஏஜெண்டு ஒரு ரூபாய் கூட்டித் தருகிறார் என்று ஒருவர் போக, ஆலையில் மிஞ்சியவர்கள் இரண்டு ரூபாய் இழக்கிறார்கள். அதைக் கண்டு அவர்களும் போகிறார்கள். கடைசியில் ஆலை நின்றுவிட்டால், ஏஜெண்டு ஒரு ரூபாய் கூட்டித் தரவேண்டிய அவசியமே இல்லை.

வெளியே விற்பவரைக் குறை சொல்வது எளிது. ஆனால் அவருடைய நிலையையும் பார்க்க வேண்டும். பள்ளிக் கட்டணத்திற்கும் மருத்துவச் செலவிற்கும் இந்த வாரமே பணம் வேண்டும். சங்கத்தில் பட்டுவாடா தாமதமாகிறது. ஏஜெண்டோ வீட்டு வாசலில் நின்று கையில் தருகிறார். ஆகவே, 'சங்கத்திற்கு விசுவாசமாக இருங்கள்' என்ற உபதேசம் மட்டும் போதாது. பட்டுவாடா தேதி தவறாமை, எடை சரியாக இருத்தல், கணக்கு உறுப்பினர் முன் வாசிக்கப்படுதல் ஆகிய மூன்றையும் நிர்வாகம் காப்பாற்ற வேண்டும். உறுப்பினரும் தம் பங்குக்கு இரண்டு இலையும் ஒரு கொழுந்துமாகப் பறித்த நல்ல இலையையே கொடுக்க வேண்டும். முற்றிய இலையைச் சேர்த்து எடையைக் கூட்டுவதால் தூளின் தரம் குறைகிறது. ஏலத்தில் எல்லோர் விலையும் குறைகிறது.

சுவிட்சர்லாந்தில் ஓர் ஏற்பாடு

இந்த இடத்தில் சுவிட்சர்லாந்தை மீண்டும் நினைப்போம். அந்நாட்டின் வாலே மாநிலத்தில் டோர்பெல் என்றொரு மலையூர் உண்டு. தானியம், காய்கறி, குளிர்காலத்துக்கு வேண்டிய வைக்கோல் ஆகியவை அவரவர் சொந்த நிலத்தில் விளைந்தன. மேலேயுள்ள மேய்ச்சல் நிலமும் காடும் ஊர்ப்பொதுவாயிருந்தன. அப்பொது நிலத்தைப் பற்றி 1517-ஆம் ஆண்டில் அவ்வூரார் ஒரு விதி செய்தனர். குளிர்காலத்தில் தன் தொழுவத்தில் எத்தனை பசுக்களுக்குத் தீனி போட்டுக் காப்பாற்ற முடியுமோ, அத்தனை பசுக்களை மட்டுமே கோடையில் பொது மேய்ச்சலுக்கு ஒருவன் அனுப்பலாம் என்பதே அவ்விதி. வெளியிலிருந்து மாடு வாங்கிவந்து ஊர்ப் புல்லில் கொழுக்கவைத்து விற்க இடமில்லை. விதியை மீறியோர் அபராதம் கட்டினர். அந்த ஏற்பாடு பல நூற்றாண்டுகள் நிலைத்தது.

மற்றொரு செய்தியும் உண்டு. அதே நாட்டில் மலைக் காடுகள் வெகுவாக வெட்டப்பட்டன. 1868-இல் பெருவெள்ளம் வந்து பெருஞ்சேதம் விளைந்தது. அதன்பின் 1876-இல், மலைப்பகுதிக் காட்டின் பரப்பு குறையலாகாது என்று அந்நாடு சட்டம் செய்தது. கஷ்டப்பட்டுக் கற்றதைச் சட்டமாக்கினர். சட்டமாக்கியதை ஊர்தோறும் காத்தனர்.

நாம் இங்கே பசு மேய்ச்சலுக்கு விதி செய்யவேண்டியதில்லை. ஆனால் நமக்கும் பொதுவானவை உண்டு: ஊற்று, ஓடை, சரிவு, சோலை ஓரம், பாதை, ஆலை. ஒவ்வொருவரும் தம் வேலிக்குள் உள்ளதை நன்றாகக் கவனிக்கிறோம். வேலிக்கு வெளியே இருப்பதை யார் கவனிப்பது? மலையூரின் வாழ்வும் தாழ்வும் இக்கேள்வியில் அடங்கியிருக்கின்றன.

சரிவும் மழையும்

நீலகிரியில் 1978, 1979-ஆம் ஆண்டுகளின் நவம்பர் மழையில் பெரிய மண்சரிவுகள் ஏற்பட்டன. 1990 அக்டோபரில் நம் குந்தாப் பகுதியிலுள்ள கெத்தையில் மலை சரிந்து பலர் மாண்டனர். 2009 நவம்பரில் மாவட்டத்தில் 40-க்கும் மேற்பட்டோர் மண்சரிவுகளில் உயிரிழந்தனர். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. சமவெளியில் பல இடங்களுக்கு ஓராண்டில் கிடைக்கும் மழை அது.

மழையை நிறுத்த நம்மால் முடியாது. ஆனால் சரிவு எங்கே நிகழ்கிறது என்பதைக் கவனித்தால் மனித கை தெரியும். ஓடையின் இயற்கை வழியை அடைத்துக் கட்டடம் எழுப்பிய இடம். சாலைக்காகவோ வீட்டுமனைக்காகவோ மலையின் அடியைச் செங்குத்தாக வெட்டிய இடம். மழைநீர் போக வழியில்லாமல் ஒரே இடத்தில் தேங்கி மண்ணில் இறங்கும் இடம். நம் மண் ஆழமானது. நீரைக் குடித்துக் கனத்தால் அடியிலுள்ள பாறையின் மேல் வழுக்கும். நன்கு மூடி வளர்ந்த தேயிலை மண் அரிப்பை ஓரளவு தடுக்கும். ஆனால் கவனியாது விட்ட தோட்டமும், இளஞ்செடி நட்டு மண் திறந்து கிடக்கும் தோட்டமும் அரிப்பைத் தடுக்க மாட்டா. புல்வெளிகளில் சீகை மரமும் கற்பூர மரமும் பெருகியதும், சதுப்புகளை வடித்துக் காய்கறி நட்டதும் ஊற்றுகளை மெலியச் செய்திருக்கின்றன. மழைக்காலத்தில் வெள்ளம், மாசியில் குடிநீர்ப் பஞ்சம் என்று இரண்டையும் ஒரே ஊர் காண்பது இதனால்தான்.

செய்யக்கூடியவை

ஊராட்சி உறுப்பினர்களின் கையில் இன்றே உள்ள சில வேலைகளை மட்டும் சொல்கிறோம்.

முதலாவதாக, ஊரின் ஊற்றுகளுக்கு ஒரு பதிவேடு வைக்க வேண்டும். எந்த ஊற்று எங்கே இருக்கிறது, மாசி, பங்குனி மாதங்களில் ஒரு குடம் நிரம்ப எவ்வளவு நேரமாகிறது என்று ஆண்டுதோறும் எழுதினால் போதும். இதற்குப் பெரிய கருவி ஏதும் வேண்டியதில்லை. ஐந்து ஆண்டு எழுதினால் எந்த ஊற்று தளர்கிறது என்பது தெரியும். அதன் மேற்புறத்தில் என்ன மாறியது என்று தேடலாம். ஊற்றைச் சுற்றிய சில சென்டு நிலத்தில் நாட்டுச் சோலை மரங்களை வைத்து வேலியிட்டால் பெரிய குடிநீர்த் திட்டத்தின் செலவு மிஞ்சும்.

இரண்டாவதாக, மழைநீர் வடியும் வழிகளை ஆனி மாதத்திற்கு முன்பும் புரட்டாசியிலும் ஊரார் கூடித் துப்புரவு செய்ய வேண்டும். ஓடைவழி யாருடைய பட்டாவில் போனாலும் அது ஊருக்குப் பொது என்பதைக் கிராம சபையில் தீர்மானமாக எழுத வேண்டும். புதிய கட்டடத்திற்கு அனுமதி கேட்டு வரும்போது சரிவையும் ஓடையையும் நேரில் பார்த்தபின்பே முடிவு செய்ய வேண்டும். தெரிந்தவர், உறவினர் என்று கண்ணை மூடினால் அதன் விலையைப் பின்னால் கீழ்வரிசை வீட்டார் கொடுப்பார்கள்.

மூன்றாவதாக, ஒரே பயிரை நம்பும் வழக்கத்தைத் தளர்த்த வேண்டும். தேயிலையைப் பிடுங்கச் சொல்லவில்லை. இடமுள்ள ஓரங்களில் பழமரத்திற்கு வழி பார்க்கலாம்; சமமான சிறு துண்டுகளில் கேரட், பூண்டு, அவரை பயிரிடலாம்; ராகியும் சாமையும் நம் நிலத்திற்குப் புதியவை அல்ல. எது எந்த உயரத்தில் வரும் என்பதைக் குன்னூர் உபாசி வேளாண் அறிவியல் நிலையத்தாரையும் தோட்டக்கலைத் துறையினரையும் கேட்டு, முதலில் சிறு பரப்பில் சோதித்துப் பார்த்து இறங்குவது நலம். காட்டெருமையும் கரடியும் ஊருக்குள் வருவது பெருகியிருப்பதால், எந்தப் பயிரை வீட்டருகே வைப்பது, எதைத் தொலைவில் வைப்பது என்பதையும் ஊரோடு கலந்து முடிவு செய்ய வேண்டும்.

நான்காவதாக, கூட்டுறவு ஆலையின் பொதுப்பேரவைக்குத் தவறாமல் செல்லுங்கள். வரவு செலவைக் கேளுங்கள். பறிப்பதும் சுமப்பதும் பெரும்பாலும் பெண்கள். பட்டா ஆண் பெயரில் இருப்பதால் அவர்கள் குரல் கூட்டத்தில் கேட்பதில்லை. இலையின் தரத்தை அவர்களைவிட நன்றாக அறிந்தவர் இல்லை. அவர்களை உறுப்பினராக்குங்கள், பேசவிடுங்கள்.

பெரியோர்களே, பிக்கட்டியின் சரித்திரத்தில் பயிர் இரண்டு முறை மாறியது. மூன்று பயிர்களின் காலத்திலும் ஊர் பிழைத்தது. சாமைக் காலத்தில் ஊர்ச்சபையும் அண்டைக் குடிகளோடு கொண்ட பரிமாற்றமும் காத்தன. உருளைக்கிழங்குக் காலத்தில் விற்பனைச் சங்கம் காத்தது. தேயிலைக் காலத்தில் கூட்டுறவு ஆலை காத்தது. நாலாவது பயிர் எது என்று இன்று யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. அது எதுவாயினும், அதனை நட மண் சரியாமல் இருக்க வேண்டும். அதற்கு ஊற்ற நீர் இருக்க வேண்டும். விற்கச் சங்கம் இருக்க வேண்டும். இம்மூன்றும் இன்று நம்மிடம் இருக்கின்றன. இவற்றை இருக்கிறபடியே அடுத்த தலைமுறையிடம் ஒப்படைப்பது நம் கடமை.

இக்கூட்டம் முடிந்ததும் உங்கள் ஊருக்குத் திரும்பி, முதல் வேலையாக ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்து ஊற்றுகளின் பெயரை எழுதத் தொடங்குமாறு கேட்டுக்கொள்கிறோம். அடுத்த கிராம சபையில் அது வாசிக்கப்படட்டும்.